‘அந்நியர் அல்லாதார்’: வாட் மிசாகாவின் கல்லூரி ஆண்டுகள்

1947ஆம் ஆண்டு மார்ச் மாதம், நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கில் தேசிய அழைப்புப் போட்டியின் இறுதியாட்டம் நடைபெற்றது. முந்தைய ஆண்டின் வாகையரான கென்டக்கி பல்கலைக்கழகத்தை யூட்டா பல்கலைக்கழகம் 49–45 என்ற கணக்கில் வென்றது. கென்டக்கியின் ரால்ஃப் பியர்டு அக்காலக் கல்லூரிக் கூடைப்பந்தின் தலைசிறந்த ஆட்டக்காரர்களுள் ஒருவர். அன்று அவர் பெற்றது ஒரே ஒரு புள்ளி. அவரை விடாது தொடர்ந்து மறித்து நின்றவர் ஐந்தடி ஏழங்குல உயரமுடைய வாட்டரு மிசாகா. ‘பாயின்ட் கார்டு’ என்னும் பெயர் இன்னும் வழக்கிற்கு வராத காலம் அது. வெறும் ‘கார்டு’ என்றே அவ்விடம் அழைக்கப்பட்டது. பந்தைக் கொண்டுசெல்வதும், பிறருக்கு வாய்ப்பை அமைத்துத் தருவதும், எதிரணியின் சிறந்த வீரரை மறிப்பதும் அவ்விடத்தின் கடமைகள். கூடையில் இட்ட புள்ளிக்குப் பட்டியலில் இடமுண்டு. தடுத்த புள்ளிக்கு இல்லை. எனவே மிசாகாவின் புகழ்மிக்க ஆட்டம் பியர்டின் பெயருக்கு எதிரே பதிவாகியுள்ளது.

மிசாகா 1923 டிசம்பரில் யூட்டா மாநிலத்தின் ஆக்டன் நகரில் பிறந்தார். இருபத்தைந்தாம் தெருவில் தந்தையார் நடத்திய முடிதிருத்தகத்தின் நிலவறையே குடும்பத்தின் வீடு. மிசாகாவுக்குப் பதினைந்து வயதானபோது தந்தையார் காலமானார். பிள்ளைகளுடன் ஜப்பானுக்குத் திரும்பிவிடத் தாயார் எண்ணினார். மூத்த மகன் இசையவில்லை. தாயார் அம்முடிதிருத்தகத்தைத் தாமே ஏற்று நடத்திக் குடும்பத்தைக் காத்தார். மகன் ஆக்டன் உயர்நிலைப் பள்ளி அணியில் ஆடி 1940இல் மாநில வாகை சூடினார். பின்னர் வீபர் கல்லூரி அணியுடன் வட்டார இளநிலைக் கல்லூரிப் பட்டத்தை இருமுறை வென்றார்.

அக்கல்லூரி ஆண்டுகளுக்கு நடுவே போர் வந்தது. 1941 டிசம்பரில் பேர்ல் துறைமுகம் தாக்கப்பட்டது. 1942 பிப்ரவரி 19 அன்று குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் 9066ஆம் எண் ஆணையில் கையொப்பமிட்டார். அதன் விளைவாக மேற்குக் கடற்கரையில் வாழ்ந்த ஜப்பானிய வம்சாவளியினர் ஏறத்தாழ 1,20,000 பேர் முகாம்களில் அடைக்கப்பட்டனர். அவர்களுள் மூன்றில் இரு பங்கினர் அமெரிக்க மண்ணில் பிறந்த குடிமக்கள். ஆனால் தெருக்களில் ஒட்டப்பட்ட வெளியேற்ற அறிவிப்புகள் ‘குடிமக்கள்’ என்னும் சொல்லை ஆளவில்லை. ‘அந்நியர், அந்நியர் அல்லாதார்’ என்னும் இரு சொற்களிலேயே அனைவரையும் அடக்கின. உரிமையைப் பறிக்கும் முன் அவ்வுரிமையைக் குறிக்கும் சொல் அகற்றப்பட்டது.

யூட்டா உள்நாட்டு மாநிலம். வெளியேற்ற எல்லைக்கு அப்பால் இருந்தது. ஆகவே மிசாகா குடும்பம் தன் வீட்டிலேயே வாழ முடிந்தது. ஆனால் அதே மாநிலத்தில், டெல்டா என்னும் சிற்றூரை அடுத்த பாலைநிலத்தில், 1942 செப்டம்பரில் டோபாஸ் முகாம் திறக்கப்பட்டது. பெரும்பாலும் சான் ஃபிரான்சிஸ்கோ வட்டாரத்திலிருந்து கொண்டுவரப்பட்டோர், எட்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள், முள்வேலிக்குள் வாழ்ந்தனர். அவர்களுள் மிசாகாவைப் போன்றே ‘நிசேய்’ எனப்படும் இரண்டாம் தலைமுறை இளைஞரும் இருந்தனர். பிறப்பால் இருசாராரும் குடிமக்களே. ஒருவர் பந்தாட, மற்றவர் வேலிக்குள் இருக்க, அவர்களைப் பிரித்தது இராணுவம் வரைபடத்தில் இழுத்த கோடு ஒன்றே.

1943–44 பருவத்தில் மிசாகா யூட்டா பல்கலைக்கழக அணியில் சேர்ந்தார். அங்கும் போரின் நிழல் படிந்திருந்தது. பல்கலைக்கழகத்தின் விளையாட்டரங்கை இராணுவம் எடுத்துக்கொண்டிருந்தது. வழக்கமான எதிரணிகள் பல ஆட்டத்தையே நிறுத்தியிருந்தன. பயிற்சியாளர் வேடல் பீட்டர்சனிடம் எஞ்சியிருந்தோர் பெரும்பாலும் முதலாண்டு மாணவர்கள். தேசிய அழைப்புப் போட்டியில் அவ்வணி முதல் ஆட்டத்திலேயே கென்டக்கியிடம் தோற்றது. அவ்வேளையில் ஆர்கன்சா அணியினர் சாலை விபத்தில் சிக்கியதால் என்சிஏஏ போட்டியிலிருந்து விலகினர். அவ்விடம் யூட்டாவுக்குக் கிடைத்தது. மிசூரியையும் அயோவா ஸ்டேட்டையும் வென்று, மார்ச் 28 அன்று டார்ட்மத் அணியைக் கூடுதல் நேரத்தில் 42–40 என வீழ்த்தி யூட்டா வாகை சூடியது. ஆர்னி ஃபெரின் 22 புள்ளிகள் எடுத்தார். ஹெர்ப் வில்கின்சனின் கடைசி எறிதல் ஆட்டத்தை முடித்தது. போர் நடந்துகொண்டிருந்த அந்நாளில், ஜப்பானிய முகமுடைய அக்குள்ளமான கார்டை நியூயார்க் பார்வையாளர்கள் விரும்பி ஆரவாரித்தனர்.

வாகையுடன் ஊர் திரும்பிய மகனின் கையில் தாயார் ஒரு கடிதத்தைக் கொடுத்தார். அது படைச்சேர்ப்பு ஆணை. போர் தொடங்கியதும் நிசேய் இளைஞரைப் படைச்சேர்ப்புக்கு ஏலாதவர் என ஒதுக்கிய அரசு, 1944 ஜனவரியில் அவர்களுக்கும் கட்டாயப் படைச்சேர்ப்பைத் திறந்துவிட்டிருந்தது. முகாமில் அடைபட்டிருந்தோருக்கும் அதே ஆணை சென்றது. மிசாகா இரண்டாண்டுகள் பணியாற்றினார். போர் முடிந்தபின் ஹிரோஷிமாவில் குண்டுவீச்சில் உயிர்தப்பியோரை நேர்கண்டு பதிவுசெய்யும் பணியும் அவருக்கு வாய்த்தது. பெற்றோர் பிறந்த நாட்டில், பிறந்த நாட்டின் சீருடையில், பெற்றோரின் மொழி பேசுவோர் முன் அவர் நின்றார். அங்கிருந்து திரும்பியவரே 1947இல் பியர்டை மறித்து நின்ற மாணவர்.

அதே ஆண்டில் நியூயார்க் நிக்ஸ் அணி அவரைத் தேர்ந்தெடுத்தது. மூன்று ஆட்டங்களில் ஏழு புள்ளிகள் எடுத்த நிலையில் அணி அவரை விடுவித்தது. அணியில் கார்டுகள் மிகுதியாக இருந்தமையையே அவர் காரணமாகக் கூறிவந்தார். இனப்பாகுபாடு என்று குறைசொல்லவில்லை. யூட்டாவுக்குத் திரும்பிப் பொறியியல் பட்டம் பெற்றுப் பொறியாளராக வாழ்ந்து, 2019 நவம்பரில் தம் 95ஆம் வயதில் மறைந்தார். அவர் அணிந்த 20ஆம் எண் சட்டைக்குப் பல்கலைக்கழகம் 2022இல் ஓய்வளித்துச் சிறப்பித்தது.

பின்னாளில் என்பிஏ எனப் பெயர்பெற்ற தொழில்முறைக் கூடைப்பந்தின் ‘வெள்ளையர் அல்லாத முதல் வீரர்’ என்றே வரலாற்று நூல்கள் இன்று அவரை அறிமுகம் செய்கின்றன. அப்பெருமை அவருக்கு உரியதே. எனினும் 1942இன் அறிவிப்புப் பலகையைப் போலவே இச்சிறப்புப் பெயரும் அவர் எதுவல்லர் என்பதைக் கொண்டே அவரைக் குறிக்கிறது. அவர் எவர் என்பதைச் சொல்லும் சான்று யூட்டாவின் ஆட்டப் பதிவுகளில் உள்ளது. அவர் ஒரு கார்டு. அவர் மறித்து நின்ற நாளில் ரால்ஃப் பியர்டு எடுத்தது ஒரு புள்ளி.