அணியில் இல்லாத அஷ்ஃபாக்



மாலத்தீவு என்றால் நம் தூத்துக்குடிப் பக்கத்தவர்களுக்கு மாசிக் கருவாடும், இங்கிருந்து தோணியில் போகும் காய்கறி மூட்டைகளும்தான் நினைவுக்கு வரும். இன்று அந்த ஊர்க் கால்பந்து வீரர் ஒருவரைப் பற்றி எழுதுகிறேன். பெயர் அலி அஷ்ஃபாக். 1985-இல் மாலேயில் பிறந்தவர்.

ஆயிரத்துக்கு மேல் தீவுகள் இருந்தும் மக்கள் தொகை சில லட்சம்தான். நம் ஒரு மாவட்டத்துக்குக்கூட வராது. அந்த நாடு தெற்காசியக் கோப்பையின் இறுதிப் போட்டியில் 1997-இல் நம் இந்தியாவிடம் 5-1 என்று தோற்றது. 2003-இல் வங்கதேசத்திடம் பெனால்டியில் தோற்றது. கடைசியில் 2008 ஜூன் மாதம் கொழும்பில் இந்தியாவை 1-0 என்று வென்று முதல் முறையாகக் கோப்பையைத் தூக்கியது. ஆட்டம் முடியப் போகிற நேரத்தில் கோல் போட்டவர் முக்தார் நசீர். அந்த அணியில் அஷ்ஃபாக்கும் இருந்தார், வயது 22.

2013-இல் காத்மாண்டுவில் அவர் ஆடியதுதான் பெரிய கதை. இலங்கையை மாலத்தீவு 10-0 என்று வென்றது. அதில் ஆறு கோல் இவருடையது! அந்தத் தொடர் முழுக்கச் சேர்த்து பத்து கோல். அப்படியும் அரையிறுதியில் இந்தியாவிடம் 1-0 என்று தோற்று ஊர் திரும்பினார்கள்.

அடுத்து 2018, டாக்கா. பயிற்சியாளர் பெடார் செக்ர்ட் அஷ்ஃபாக்கை அணியில் சேர்க்கவே இல்லை. நாட்டுக்காக அதிக கோல் அடித்தவரை விட்டுவிட்டுப் போனால் ஊர் சும்மா இருக்குமா? முதல் சுற்றில் மாலத்தீவு ஒரு கோல்கூடப் போடவில்லை. இலங்கையுடன் 0-0, இந்தியாவிடம் 0-2. இலங்கைக்கும் அச்சு அசலாக அதே கணக்கு. கடைசியில் நாணயம் சுண்டிப் பார்த்து மாலத்தீவை அரையிறுதிக்கு அனுப்பினார்கள். அங்கே நேபாளத்தை 3-0, இறுதிப் போட்டியில் இந்தியாவை 2-1. கோப்பை வந்துவிட்டது, அவர் இல்லாமலே.

இந்த இடத்தில்தான் எனக்கு மனசு நின்றுவிட்டது. பயிற்சியாளர் செய்தது தப்பு என்று இனி யார் சொல்ல முடியும்? நானும் ஒரு வருஷம் பள்ளி அணியிலிருந்து நன்றாக ஆடும் பையன் ஒருவனை, சொன்ன பேச்சைக் கேட்பதில்லை என்று நிறுத்திவிட்டேன். அந்த வருஷம் நாங்கள் ஜெயித்தோம். ஜெயித்ததால் அதைப் பற்றி அவனிடம் ஒரு வார்த்தை பேச வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை.

அஷ்ஃபாக் ஒதுங்கிவிடவில்லை. 2021-இல் கோப்பைப் போட்டி மாலேயிலேயே நடந்தது. 36 வயதில் திரும்பி வந்தார். வங்கதேசத்துக்கு எதிராகப் பெனால்டியில் ஒன்று, இலங்கைக்கு எதிராக வெற்றி கோல். அக்டோபர் 13 அன்று இந்தியாவுடன் ஆட்டம், டிரா செய்தாலே மாலத்தீவு இறுதிக்குப் போயிருக்கும். இந்தியா முதலில் முந்தியது. இடைவேளைக்குச் சற்று முன் பெனால்டியில் சமன் செய்தவர் அஷ்ஃபாக்தான். பிறகு நம் சுனில் சேத்ரி இரண்டு கோல் போட, 3-1 என்று முடிந்தது. நான் இந்தியா பக்கம்தான், ஆனால் அன்று முழுசாகக் கைதட்ட முடியவில்லை.

நான் நிறுத்திய அந்தப் பையனுக்கு இப்போது ஐம்பது வயதை ஒட்டி இருக்கும். இந்தப் பதிவு கண்ணில் பட்டால், தம்பி, வீட்டுப் பக்கம் ஒரு நாள் வந்துவிட்டுப் போ.