ஹைப்ரிட் காரும் 12 வோல்ட் தாத்தாவும்

கடலூர் - சிதம்பரம் ரோட்டுல இப்போ ஹைப்ரிட் கார்களும் ஓடுது. ஒருநாள் காலைல வண்டி எழும்பலைன்னா, 'ஐயோ, ஹைப்ரிட் பேட்டரி போச்சு, லட்சக்கணக்குல செலவு'ன்னு தலையில கை வெச்சுடாதீங்க. பல நேரம் மண்டையைப் போட்டிருக்கறது ஓரமா உட்கார்ந்திருக்கிற 12 வோல்ட் பேட்டரிதான். சில ஆயிரத்தோட முடிஞ்சிடும்.

இந்தத் தாத்தா பரம்பரை பழசு. ஈய-அமில பேட்டரியை பிரான்ஸின் காஸ்தோன் பிளாந்தே 1859-இல் உருவாக்கினார். ஆனாலும் ஆரம்ப காலத்துப் பெட்ரோல் கார்களை ஹாண்டில் போட்டுச் சுத்திதான் கிளப்பினாங்க. திருப்பி அடிச்சா கை உடையும். நம்ம ஊர் பழைய அம்பாசடருக்கும் ஹாண்டில் உண்டு. 1912 மாடல் காடிலாக்கில் சார்லஸ் கெட்டரிங்கின் மின்சார ஸ்டார்ட்டர் வந்தது. எஞ்சினைச் சுத்தறது பேட்டரி வேலையாச்சு.

1997-இல் டொயோட்டா பிரியஸ் வந்ததும் அந்த வேலை பெரிய பேட்டரிக்குப் போயிடுச்சு. ஆனா கம்ப்யூட்டரை எழுப்பி, பெரியவரை இணைக்கிற ரிலேயை மூடறது இன்னமும் தாத்தாதான். அவர் கண் திறக்கலைன்னா, பெரியவர் முழு பலத்தோட இருந்தும் பிரயோஜனமில்லை.

மாத்தும்போது நெகட்டிவை முதல்ல கழட்டி, கடைசில மாட்டணும். பிரியஸ் மாதிரி பின்பக்கம் பேட்டரி இருந்தா, வாயு வெளியேறும் குழாய் வெச்ச ரகமே போடணும். ஆரஞ்சு கேபிள் பக்கம் கையே போகக்கூடாது.

பழசைக் கண்ட இடத்துல போடாம, கடையிலயே கொடுத்துடுங்க. 2001 விதிகள் சொன்னதும் அதுதான், 2022 விதிகள் சொல்றதும் அதுதான். ஈயம் நம்ம மண்ணுக்கும் தண்ணிக்கும் ஆகாதுங்க.