எரிமலையும் எண்ணிப் பார்த்தவர்களும்

மலை நெருப்பைக் கக்கிற்று, மக்கள் நடுங்கினர். நடுக்கம் பிறந்த இடத்தில் தேவனும் பிறந்தான். வல்கன் என்று பெயரிட்டு, மலைக்கு அடியிலே அவனுக்கு உலைக்களம் அமைத்துக் கொடுத்தது ரோமானியரின் கற்பனை. ஆண்டுதோறும் ஆகஸ்டு 23-ஆம் நாள் அவனுக்கு விழா. தீயிலே மீன்களை எறிந்து வழிபாடு. எனினும் கி.பி. 79-இல் வெசூவியஸ் வெடித்தது, பாம்பெய் புதைந்தது.

பின்னர் மதம் மாறிற்று, மனம் மாறிற்றா? 1631-இல் அதே மலை மீண்டும் சீறியபோது, நேப்பிள்ஸ் நகரத்தார் புனித ஜெனாரோவின் திருச்சின்னங்களைச் சுமந்து ஊர்வலம் போயினர். மாண்டவர்களோ ஆயிரக்கணக்கானோர்!

ஆனால், தோழர்களே, அந்த நேப்பிள்ஸ் வட்டாரத்திலேயே வேறொரு வரலாறும் உண்டு. மலை உமிழ்ந்த சாம்பலைக் கண்டு மண்டியிடாமல், அதை அள்ளிச் சலித்துச் சுண்ணாம்போடு குழைத்த உழைப்பாளிகளின் வரலாறு அது. அவர்கள் பெயரை ஏடுகள் எழுதி வைக்கவில்லை. அவர்கள் கண்ட உண்மையோ கல்லாகி நிற்கிறது.

வெறும் சுண்ணாம்புக் காரை காற்றுப் பட்டால்தான் இறுகும்; நீருக்குள் இறுகாது. பொட்சுவோலிப் பகுதியின் சாம்பலைச் சேர்த்தாலோ, கடலடியிலும் இறுகிற்று. கடலில் கட்டும் துறைமுகச் சுவருக்குச் சுண்ணாம்பு ஒரு பங்கு, சாம்பற்பொடி இரண்டு பங்கு என்று கி.மு. முதல் நூற்றாண்டில் விட்ருவியஸ் எழுதி வைத்தார். கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் எழுந்த பாந்தியன் மண்டபத்தின் குவிமாடம், 43 மீட்டர் அகலம் கொண்டது. இரும்புக் கம்பி ஒன்றுகூட இல்லாமல் இன்றும் நிமிர்ந்து நிற்கிறது.

வல்கனின் அருளா இது? இல்லை! பாறைக் குழம்பு விரைந்து குளிரும்போது, அதிலுள்ள சிலிக்கா ஒழுங்காக அடுக்கப்படாமல் கண்ணாடிபோல் உறைகிறது. ஒழுங்கற்ற அந்தச் சிலிக்காவே நீரும் சுண்ணாம்பும் கண்டதும் வினைபுரிந்து, பிணைக்கும் பொருளாகிறது. எல்லா எரிமலைப் பாறைகளும் இவ்வாறு பயன்படுவதில்லை. நெடுங்காலம் நீரில் ஊறிக் களிமண்ணாக மாறிப்போன பாறை மந்தமாகிவிடும். அதைச் சூளையிலே 600 முதல் 900 பாகை வரை சுட்டால், உள்ளே கட்டுண்ட நீர் வெளியேறும், அடுக்கு குலையும், பாறை மீண்டும் வினைபுரியும். மிகுதியாகச் சுட்டாலோ, மறுபடியும் மந்தமாகிவிடும். அளவறிந்த தீயே ஆக்கும் தீ!

எரிமலை இல்லாத நாட்டார் செங்கல்லையும் ஓட்டையும் இடித்துச் சேர்த்தனர். 1895-இல் முடிந்த நம் முல்லைப் பெரியாறு அணையிலே சுண்ணாம்போடு கலந்த சுர்க்கியும் இவ்வினத்ததே.

விட்ருவியஸ் சொன்னதெல்லாம் வேதமா? கடினமான சுண்ணக்கல்லே கட்டுமானத்துக்கு உரிய சுண்ணாம்பைத் தரும் என்றும் அவர் எழுதியிருந்தார். நூற்றாண்டுகளாக உலகம் அதை நம்பிற்று. 1756-இல் எடிஸ்டன் கலங்கரை விளக்கத்தைக் கட்டப் புகுந்த ஜான் ஸ்மீட்டன் என்ற ஆங்கிலேயர், நம்புவதை விட்டுச் சோதித்தார். பல ஊர்ச் சுண்ணாம்பை உருண்டை பிடித்து நீரில் இட்டார். கல்லை அமிலத்தில் கரைத்தார். நீரில் இறுகும் ஆற்றல் கல்லின் கடினத்தால் வருவதன்று, அதில் கலந்த களிமண்ணால் வருவது என்று கண்டார். இத்தாலியச் சாம்பல் நன்று என்பதும் சோதனையில் தேறிற்று; அதை வரவழைத்துக் கலந்தார். 1759-இல் விளக்கு எரிந்தது. பழைய ஏட்டில் மெய்யும் இருந்தது, பொய்யும் இருந்தது. பிரித்துக் காட்டியது சோதனை ஒன்றே!

இன்று அதே பாறைக்கு மறுபடியும் மதிப்பு வந்திருக்கிறது. சிமெண்டுக்காகச் சுண்ணக்கல்லை 1450 பாகை வரை சுடும்போது, எரிபொருளின் புகையோடு கல்லுக்குள் அடைபட்ட கரியமில வாயுவும் வெளியேறுகிறது. மனிதர் வெளியிடும் அவ்வாயுவில் ஏறத்தாழ 8 விழுக்காடு சிமெண்டால் வருவது. அதில் ஒரு பகுதிக்கு ஈடாக அளவாகச் சுட்ட எரிமலைப் பாறைப் பொடியைச் சேர்த்தால், வாயுவும் குறையும். உப்பு நீரைத் தாங்கும் உறுதியும் கூடும்.

அன்றே எல்லாம் எம் முன்னோர் அறிந்தனர் என்று மார்தட்டுவோரும் உண்டு. பழையது பாழ் என்று தள்ளுவோரும் உண்டு. நாம் இரு சாராரையும் சேர்ந்தவரல்லர். பழமையையும் புதுமையையும் ஒரே உரைகல்லில் உரைத்துப் பார்ப்போம். தேறியதைக் கொள்வோம்; தேறாததை, யார் எழுதியதாயினும், தள்ளுவோம்!