சோர்ந்துபோன ஒரு குருவானவர்

நமது சாமல்பட்டிச் சீமை முற்காலத்தில் பாராமகால் எனப் பெயர் பெற்று, 1792 வரை மைசூர் ஆட்சியில் இருந்தது. அதே 1792-இல்தான் ஆபே துபுவா என்னும் பிரெஞ்சுக் குருவானவர் இந்தியா வந்தார். 1773-இல் இயேசு சபை கலைக்கப்பட்டு, மேய்ப்பர் அருகிப்போயிருந்த காலம் அது. 1799-க்குப்பின் மைசூர் நாட்டில் ஊர் ஊராய் அலைந்தார். நம்மவர் உடையும் உணவும் ஏற்றார். ஏழைகளுக்கு உழவுக் குடியிருப்புகள் அமைத்தார். அம்மை குத்தும் பணிக்கும் துணைநின்றார். ஆயினும் கால் நூற்றாண்டு உழைத்தும் மனந்திரும்பியோர் இருநூறு முந்நூறு பேரே என்று மனமுடைந்து, 1823-இல் தாயகம் திரும்பினார். இந்நாட்டில் வேதம் பரவ வழியில்லை என்று அவ்வாண்டே நூலும் வெளியிட்டுவிட்டார்! அவரைக் குறைகூற எமக்கு மனம் வரவில்லை. தனித்து உழைத்தவர்க்கே அவ்வேதனை தெரியும்.

மறு ஆண்டே பொன்னான் ஆண்டகை புதுவை வந்து சேர்ந்தார். 1844-இல் அவர் கூட்டிய சங்கம் பள்ளிகளுக்கும் சுதேசக் குருக்களுக்கும் வழிகோலியது. 1930-இல் சேலமும், 1997-இல் தருமபுரியும் மறைமாவட்டங்களாயின.

துபுவா சுவாமியோ பாரிஸ் அந்நிய வேதபோதகக் குருமடத்தில் பணியேற்று, 1836 முதல் 1839 வரை அதன் தலைவராயும் விளங்கி, 1848-இல் இறைவனடி சேர்ந்தார். கீழ்த்திசை நாடுகளுக்கு இளங்குருக்களைப் பயிற்றுவித்துக் கப்பலேற்றி அனுப்பிய வீடு அது.