பின்பாக்கெட்டில் ஒரு சட்டம்

அமெரிக்காவில் பல கவுண்டி நீதிமன்றங்களோடு ஒட்டி ஒரு சட்ட நூலகம் இருக்கும். கவுண்டி என்றால் ஏறக்குறைய நம்மூர் மாவட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நூலகம் பெரும்பாலும் உள்ளூர் வக்கீல்களுக்காக உருவானது. பெரிய நகரத்து நிறுவனங்கள் தங்களுக்கென்று ஆயிரக்கணக்கில் புத்தகம் வாங்கி அடுக்கிக்கொள்ளும். ஒரு மேசை, ஒரு டைப்ரைட்டர், ஒரு குமாஸ்தா என்று தொழில் நடத்துகிற சிற்றூர் வக்கீலுக்கு அது கட்டுப்படியாகுமா? அதனால் பொதுவில் ஒரு அலமாரி.

சட்ட நூலகம் என்றதும் நமக்கு மனசில் வருவது தடித் தடியான தோல் அட்டைப் புத்தகங்கள். படம் பிடிப்பவர்களும் அதைத்தான் காட்டுகிறார்கள். ஆனால் அங்கே வேலை செய்பவர்களைக் கேட்டால் வேறு ஒன்றைச் சொல்வார்கள். ஒவ்வொரு தடிப் புத்தகத்தின் பின்னட்டைக்கு உள்பக்கம் ஒரு பை போன்ற மடிப்பு இருக்கும். அதில் ஒல்லியாக ஒரு சிறு இணைப்பைச் செருகி வைப்பார்கள். 'பாக்கெட் பார்ட்' என்று பெயர். புத்தகம் அச்சான பிறகு சட்டத்தில் என்னென்ன மாறியது என்பது அதில் இருக்கும். வருஷா வருஷம் பழையதை உருவிப் போட்டுவிட்டுப் புதியதைச் செருக வேண்டும். பார்க்க ரொம்ப அற்பமான வேலை. ஆனால் வக்கீலுக்குப் புத்தகத்தை விட அந்த ஒல்லி இணைப்புதான் முக்கியம். 'சட்டம் என்ன' என்பதை எப்படியாவது படித்துக்கொள்ளலாம். 'போன மாசம் என்ன மாறிச்சு' என்பதை யாராவது சொன்னால்தான் உண்டு.

அதை யாரும் சொல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு கதை இருக்கிறது. நான் படித்த சட்ட வரலாற்றுக் கதைகளிலேயே எனக்கு மிகவும் பிடித்தது இது. கதை என்று சொன்னாலும் முழுக்க நிஜம்.

1930 அக்டோபரில் கிழக்கு டெக்சாஸில் எண்ணெய் கண்டுபிடித்தார்கள். கொஞ்ச நஞ்சமல்ல, அதுவரை அந்நாடு பார்த்ததிலேயே மிகப் பெரிய வயல். ஆளாளுக்குக் கிணறு தோண்ட, சந்தையில் எண்ணெய் வெள்ளம். 1931ல் ஒரு பீப்பாய் விலை பத்து சென்ட் வரை விழுந்தது. கிணற்றுக்கு இவ்வளவுதான் எடுக்கலாம் என்று டெக்சாஸ் மாநிலம் அளவு நிர்ணயித்தது. (இதைச் செய்தது ரயில்வே கமிஷன். ரயிலுக்கும் எண்ணெய்க்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள், அது தனிக் கதை.) அளவை மீறி இரவோடு இரவாக எடுத்து விற்ற எண்ணெய்க்கு 'ஹாட் ஆயில்' என்று பெயர் வந்தது.

1933ல் ரூஸ்வெல்ட் அதிபரானார். பொருளாதாரப் பெருமந்தத்தின் உச்சம். ஜூன் மாதம் தேசியத் தொழில் மீட்புச் சட்டம் வந்தது. ஒவ்வொரு தொழிலுக்கும் ஒரு 'கோடு', அதாவது ஒரு விதித் தொகுப்பு. அதிபர் கையெழுத்துப் போட்டால் அது சட்டம். மீறினால் குற்றம். பெட்ரோலியத் தொழிலுக்கான கோடு ஆகஸ்ட் 19 அன்று ஒப்புதல் பெற்றது. மாநிலம் நிர்ணயித்த அளவுக்கு மேல் எண்ணெய் எடுப்பது இந்தக் கோடை மீறிய செயல் என்று அதில் ஒரு பத்தி இருந்தது. அதை வைத்துத்தான் டெக்சாஸ்காரர்கள் மேல் வழக்குப் பாய்ந்தது.

இங்கேதான் வேடிக்கை. செப்டம்பர் 13 அன்று அந்தக் கோடில் ஒரு சின்னத் திருத்தம் செய்தார்கள். 'இந்தப் பிரிவு இனிமேல் இப்படி இருக்கும்' என்று எழுதியபோது, முதல் பத்தியை மட்டும் எழுதிவிட்டு இரண்டாவது பத்தியை விட்டுவிட்டார்கள். வேண்டுமென்று செய்ததல்ல. ஆனால் விட்டுப்போன அந்தப் பத்திதான் எண்ணெய் அளவை மீறுவதைக் குற்றமாக்கிய பத்தி. அதிபரின் கையெழுத்தோடு அது சட்டத்திலிருந்து நீங்கிவிட்டது.

யாருக்கும் தெரியவில்லை. கைது செய்த அதிகாரிக்குத் தெரியாது. வழக்குத் தொடுத்த அரசு வக்கீலுக்குத் தெரியாது. நீதிபதிக்கும் தெரியாது. கைதானவரின் வக்கீலுக்கோ சுத்தமாகத் தெரிய வழியில்லை. ஏறத்தாழ ஒரு வருஷம் இல்லாத சட்டத்தின் கீழ் வழக்குகள் நடந்தன. அதில் ஒன்று கீழ் நீதிமன்றத்தில் தள்ளுபடியாகி, அரசு மேல்முறையீடு செய்து, உச்ச நீதிமன்றம் வரை போய்விட்டது. அங்கே வாதத்துக்குத் தயார் செய்தபோதுதான் அரசுத் தரப்பே மூல ஆவணத்தை எடுத்துப் பார்த்தது. பத்தியைக் காணோம்! 1934 அக்டோபரில் அரசு தானாகவே அந்த மேல்முறையீட்டை வாபஸ் வாங்கிக்கொண்டது. அதற்குச் சில நாள் முன்பு, செப்டம்பர் 25 அன்று, விட்டுப்போன பத்தியை அவசரமாகத் திரும்பச் சேர்த்தார்கள்.

அதோடு விட்டதா என்றால் இல்லை. அதே சட்டத்தை எதிர்த்த இன்னொரு வழக்கு, பனாமா ரிஃபைனிங் கம்பெனி எதிர் ரையான், டிசம்பரில் விசாரணைக்கு வந்தது. டெக்சாஸின் டைலர் நகரத்து வக்கீல் எஃப்.டபிள்யூ. ஃபிஷர் எழுந்து நின்றார். இல்லாத சட்டத்தை மீறியதாகத் தன் கட்சிக்காரரைக் கைது செய்து, பல நாள் சிறையில் வைத்து, ஜாமீனும் கட்ட வைத்தார்கள் என்றார். அப்புறம் சொன்னதுதான் பேர் பெற்றது. இந்தக் கோடின் பிரதியைத் தங்கள் தரப்பு பார்த்தது ஒரே ஒரு இடத்தில்தானாம்: வாஷிங்டனிலிருந்து டெக்சாஸுக்கு அனுப்பப்பட்ட அரசு ஏஜென்ட் ஒருவரின் பேன்ட் பின்பாக்கெட்டில்.

நீதிபதி பிராண்டீஸ் விடவில்லை. இந்த ஆணைகளெல்லாம் எங்காவது முறையாக வெளியிடப்படுகின்றனவா, சாதாரண ஆள் எப்படித் தெரிந்துகொள்வது என்று அரசு வக்கீலைக் குடைந்தார். கஷ்டம்தான் என்று அவர் ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. டைலரிலிருந்து வாஷிங்டன் ஆயிரம் மைலுக்கு மேல். 1935 ஜனவரி 7 அன்று எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் அரசு தோற்றது. நாடாளுமன்றம் தன் அதிகாரத்தை வரம்பின்றி அதிபரிடம் தூக்கிக் கொடுத்துவிட்டது என்பதுதான் தீர்ப்பின் காரணம். சட்டக் கல்லூரிகளில் இன்றும் அதற்காகத்தான் அதைப் படிக்கிறார்கள். எனக்கென்னவோ அந்தப் பின்பாக்கெட்தான் பெரிய விஷயமாகப் படுகிறது.

இத்தனைக்கும், நீதிமன்றத் தீர்ப்புகள் விஷயத்தில் இந்தப் பிரச்சினையை அமெரிக்கர்கள் அப்போதே ஒருமாதிரி சமாளித்திருந்தார்கள். ஆரம்பத்தில் அங்கேயும் மோசம்தான். உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளை முதலில் தொகுத்த அலெக்சாண்டர் டல்லஸ் அநியாயத்துக்குத் தாமதம் செய்வார். சிஷோம் எதிர் ஜார்ஜியா என்ற 1793ஆம் வருஷத் தீர்ப்பு அவரது தொகுதியில் அச்சேறியது 1798ல். அதற்குள் அந்தத் தீர்ப்பை ஒன்றுமில்லாமல் ஆக்குவதற்கென்றே அரசியல் சட்டத்தைத் திருத்தி முடித்துவிட்டார்கள். பிணத்துக்கு ஜாதகம் எழுதிய கதை.

பிறகு வியாபாரிகள் வந்தார்கள். மினசோட்டாவில் ஊர் ஊராகப் போய்ச் சட்டப் புத்தகம் விற்ற ஜான் வெஸ்ட், வக்கீல்களுக்கு எது கிடைக்காமல் திண்டாடுகிறார்கள் என்று நேரில் பார்த்தவர். 1876ல் எட்டுப் பக்க வாரத் தாள் ஒன்றை ஆரம்பித்தார்; அந்த மாநிலத்துத் தீர்ப்புகளின் சுருக்கம் சூடாக வந்து சேரும். அதற்கு மூன்று வருஷம் முன்பே சிகாகோவில் ஃபிராங்க் ஷெப்பர்ட் இன்னொரு வேலை செய்தார். அவரும் புத்தக விற்பனையாளர்தான். பழைய தீர்ப்பு ஒன்றைப் பின்னால் வந்த எந்தத் தீர்ப்பு ஏற்றது, எது ஒதுக்கியது என்று சின்னச் சின்னச் சீட்டுகளில் அச்சடித்து, பின்னால் பசை தடவி விற்றார். வக்கீல் அதைத் தன் புத்தகத்தில் அந்தத் தீர்ப்பின் ஓரத்தில் ஒட்டிக்கொள்ள வேண்டியது. தபால்தலை மாதிரி. இதுவே பிற்பாடு பெரிய பெரிய தொகுதிகளாக வளர்ந்து, 'ஷெப்பர்டைஸ் பண்ணியாச்சா?' என்று கேட்பதே வக்கீல்கள் வழக்கமாகிவிட்டது. அதாவது, நீ மேற்கோள் காட்டும் தீர்ப்பு இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று பார்த்தாயா?

தீர்ப்புகளுக்கு இத்தனை ஏற்பாடு. ஆனால் அதிபரும் துறைகளும் போடுகிற ஆணைகளுக்கு எதுவும் கிடையாது. இதைக் கண்டித்து 1934 டிசம்பரில் ஹார்வர்டின் சட்ட இதழில் எர்வின் கிரிஸ்வோல்ட் ஒரு கட்டுரை எழுதினார். அரசு வக்கீல் அலுவலகத்தில் சில வருஷம் வேலை பார்த்துவிட்டு அப்போதுதான் பேராசிரியரானவர். உள்ளே நடக்கும் கூத்து தெரிந்தவர். பிரிட்டன் 1893லேயே இதற்குச் சட்டம் போட்டுவிட்டது, நமக்கென்ன கேடு என்பதுதான் கட்டுரையின் சாரம். 1935 ஜூலையில் சட்டம் வந்தது. 1936 மார்ச் 14 அன்று 'ஃபெடரல் ரெஜிஸ்டர்' முதல் இதழ், 16 பக்கம். அந்நாட்டின் கெஜட் என்று சொல்லலாம். இத்தனை களேபரத்துக்குப் பிறகு பிறந்த அந்த முதல் இதழில் முதலில் வந்தது எண்ணெய் சமாச்சாரம் அல்ல, தெற்கு கரோலினாவில் ஒரு பறவைகள் சரணாலயத்தை விரிவாக்கும் ஆணை.

பிரச்சினை தீர்ந்ததா? பாதி.

ஐடஹோ மாநிலத்தில் மெரில் என்ற விவசாயிகள் 1945ல் கோதுமைக்கு அரசுப் பயிர்க் காப்பீடு கேட்டார்கள். மொத்தம் 460 ஏக்கர். அதில் 400 ஏக்கர், குளிர்காலக் கோதுமை போட்ட நிலத்திலேயே வசந்தத்தில் மறுபடி விதைத்தது. இதை மறைக்காமல் உள்ளூர்க் காப்பீட்டுக் குழுவிடம் சொன்னார்கள். பரவாயில்லை, எல்லாத்துக்கும் காப்பீடு உண்டு என்றார்கள். மழை பொய்த்துப் பயிர் கருகியது. பணம் கேட்டால், மறுவிதைப்பு நிலத்துக்குக் காப்பீடு கிடையாது என்று விதி இருக்கிறது, ஃபெடரல் ரெஜிஸ்டரில் வெளியாகியிருக்கிறது என்றார்கள். உள்ளூர்க் குழுவுக்கே அது தெரியாது!

1947ல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்று அரசின் பக்கம் நின்றது. ரெஜிஸ்டரில் அச்சாகிவிட்டால் எல்லோருக்கும் தெரிந்ததாகவே பொருள், உனக்கு நிஜமாகத் தெரியுமா தெரியாதா என்ற கேள்வியே இல்லை. நீதிபதி ஜாக்சன் மாறுபட்டார். அந்த நீளமான, அலுப்பூட்டும் பத்திரிகையை ஒரு விவசாயி உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தால் அவருக்குப் பயிர் வைக்கவே நேரம் இருக்காது, அப்புறம் காப்பீடு எதுக்கு என்று கேலியாக எழுதினார். எனக்கு ஜாக்சன் பக்கம்தான் நியாயம் இருப்பதாகப் படுகிறது. டெக்சாஸ் வழக்கில் சட்டம் அச்சாகவில்லை என்பது குறை. ஐடஹோவில் அச்சாகியிருந்தது, ஆனால் அதைப் படித்து இவர்களிடம் சொல்ல ஆளில்லை.

நம் உச்ச நீதிமன்றமும் இந்தக் கேள்வியைச் சந்தித்திருக்கிறது. ஜெய்ப்பூர் சமஸ்தானத்தில் 1923ல் மந்திரி சபை ஒரு அபின் சட்டத்தைத் தீர்மானமாக நிறைவேற்றியதோடு சரி, எங்கேயும் வெளியிடவில்லை. அதன் கீழ் ஹர்லா என்பவருக்கு 50 ரூபாய் அபராதம். 1951ல் நீதிபதி விவியன் போஸ், ஜனங்களுக்குத் தெரியும்படி வெளியிடாத சட்டத்தை வைத்து ஒருவரைத் தண்டிக்க முடியாது என்று அந்தத் தண்டனையை ரத்து செய்தார். ஐம்பது ரூபாய்க்காக உச்ச நீதிமன்றம் வரை போன அந்த மனுஷனுக்கு ஒரு கும்பிடு.

சரி, கவுண்டி நூலகத்துக்கு வருவோம். இதற்கெல்லாம் யார் காசு கொடுப்பது? கலிஃபோர்னியா 1891லேயே ஒரு வழி கண்டது: சிவில் வழக்குத் தாக்கல் செய்பவர் கட்டும் கட்டணத்தில் ஒரு சிறு பங்கு கவுண்டி சட்ட நூலகத்துக்கு. லாஸ் ஏஞ்சல்ஸ் கவுண்டியின் சட்ட நூலகம் அந்த வருஷம்தான் பிறந்தது. நல்ல யோசனை, ஆனால் ஒரு சங்கடம் உண்டு. வழக்குகள் குறைந்தால் வருமானமும் குறையும். புத்தக விலையும் சந்தாவும் மட்டும் ஏறிக்கொண்டே போகும்.

அந்தப் பணத்தில் வாங்கியவற்றில் பாதிக்கு மேல் இந்த மாதிரி 'மாற்றச் செய்தி'களாகத்தான் இருக்கும்: பாக்கெட் பார்ட்டுகள், தொகுதியாகக் கட்டுமுன் வரும் தீர்ப்புத் தாள்கள், ஷெப்பர்டின் தொகுதிகள், பக்கத்தை உருவிப் புதுப்பக்கம் செருகும் உதிரித்தாள் கட்டுகள். நூலகர் மேசையில் இந்த வாரம் வந்தவை என்று ஒரு பட்டியல் கிடக்கும். கோர்ட்டுக்குப் போகும் வழியில் ஒரு எட்டு எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்கள் வக்கீல்கள். வழக்கு ஜெயிப்பதும் தோற்பதும் சில சமயம் அந்தப் பத்து நிமிஷத்தில் முடிவாகிவிடும்.

ஃபெடரல் ரெஜிஸ்டர் 1994 முதல் இணையத்தில் வருகிறது. யாரும் எங்கிருந்தும் படிக்கலாம், டைலரிலிருந்தும் கூட. வக்கீல்கள் இப்போது அலுவலகத்தில் உட்கார்ந்தே தேடிக்கொள்கிறார்கள். கவுண்டி நூலகத்தில் கூட்டம் குறைந்துவிட்டதா என்றால் அதுதான் இல்லை, ஆட்கள் மாறிவிட்டார்கள். வக்கீல் வைத்துக்கொள்ள வசதியில்லாதவர்கள் வருகிறார்கள். வீட்டைக் காலி செய்யச் சொல்லி வந்த நோட்டீஸைக் கையில் வைத்துக்கொண்டு, இதற்குப் பதில் போட எத்தனை நாள் இருக்கிறது என்று கேட்கிறார்கள். சட்ட ஆலோசனை சொல்ல நூலகருக்கு அனுமதி கிடையாது. அந்த நாள் கணக்கு எழுதியிருக்கும் புத்தகத்தை எடுத்துக் கொடுக்கலாம். கொடுக்குமுன் பின்னட்டையைத் திருப்பி, உள்ளே இருப்பது இந்த வருஷத்து இணைப்புதானா என்று ஒரு தடவை பார்த்துக்கொள்வார்.