ஆலய நிர்வாகமும் அரசாணையும்
(1905 முதல் இன்று வரை ஒரு வரலாற்று நோக்கு)

கடல் கடந்து சென்ற தமிழர், தாம் குடியேறிய இடங்களிலெல்லாம் தம் இல்லங்களுக்கு முன்பாகவே இறைவனுக்கு இல்லம் அமைத்தனர் எனலாம். 1819ஆம் ஆண்டில் இராஃபிள்சுடன் பினாங்கிலிருந்து சிங்கப்பூருக்கு வந்த நாராயண பிள்ளை, 1827இல் சவுத் பிரிட்ஜ் சாலையில் மாரியம்மனுக்கு மரத்தாலும் அத்தாப்புக் கீற்றாலும் ஓர் ஆலயம் எழுப்பினார். 1855இல் சிராங்கூன் சாலையில் நரசிம்மப் பெருமாளுக்குக் கோயில் கண்டனர். அதுவே இன்றைய ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் ஆலயம்.

கோயில்கள் வளர்ந்தன, அவற்றோடு நிலமும், வாடகை வருவாயும், நகைகளும், அன்பர்கள் எழுதி வைத்த அறக்கட்டளைகளும் பெருகின. இவற்றைக் காக்கும் பொறுப்பு அறங்காவலர் சிலரிடம் இருந்தது. அவர்கள் மறைந்தாலோ, தாயகம் திரும்பினாலோ, தம்முள் பிணங்கினாலோ சொத்தைப் பொறுப்பேற்பவர் யார்? கணக்கைக் கேட்பவர் யார்? இவ்வினாக்களுக்கு விடையாகவே அரசாங்கத்தின் சட்டம் ஆலயத்திற்குள் அடியெடுத்து வைத்தது.

தாயகத்தின் முன்னுதாரணம்

இத்தகைய சட்டம் தமிழருக்குப் புதியதன்று. சென்னை மாகாணத்தில் 1817ஆம் ஆண்டின் 7ஆம் ஒழுங்குவிதி, கோயில் அறக்கட்டளைகளின் மேற்பார்வையை அரசாங்கத்தின் வருவாய் வாரியத்திடம் அளித்தது. பிற சமயத்தவரின் கோயில் நிர்வாகத்தில் கிறித்துவ அரசாங்கம் ஈடுபடலாகாது என்ற எதிர்ப்பு இங்கிலாந்தில் வலுக்கவே, 1863ஆம் ஆண்டின் 20ஆம் சட்டத்தால் அரசாங்கம் விலகிக்கொண்டு, அப்பொறுப்பை உள்ளூர்க் குழுக்களிடம் ஒப்படைத்தது. அக்குழுக்களைக் கண்காணிப்பார் இல்லை என்ற குறை நெடுநாள் நீடித்தது. பின்னர் நீதிக்கட்சியின் முதல் அமைச்சர் பனகல் அரசர் காலத்தில், தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களைக் கொண்ட சட்டமன்றத்தில் நீண்ட விவாதம் நடந்து, 1920களின் நடுவில் இந்து சமய அறநிலைய வாரியம் தோன்றியது. ஆக, தமிழகத்தில் கோயிலைப் பற்றிய சட்டத்திற்கு இந்துக்களே அவையில் எழுந்து வாதாடி வாக்களித்தனர். சிங்கப்பூரில் நடந்ததோ வேறு.

1905ஆம் ஆண்டுச் சட்டம்

சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா ஆகியவை அடங்கிய தொடுவாய்க் குடியேற்றங்கள் 1867 முதல் பிரிட்டிஷ் அரசின் நேரடி ஆட்சியில் இருந்தன. அவற்றின் சட்டமன்றத்தில் அதிகாரிகளே பெரும்பான்மையினர்; ஏனையோரும் நியமனம் பெற்றவர்களே. அந்த அவையே 1905ஆம் ஆண்டில் முகமதிய, இந்து அறக்கட்டளைச் சட்டத்தை நிறைவேற்றியது. அப்போது ஆளுநராக இருந்தவர் சர் ஜான் ஆண்டர்சன். இந்தியர் ஒருவர் அவ்வவையில் உறுப்பினரானது 1920களில்தான். ஆகவே இந்துக் கோயில்களைப் பற்றிய அச்சட்டத்திற்குக் கைதூக்கியவர்களுள் ஓர் இந்துவும் இலர்.

அச்சட்டத்தின் உயிர்நாடி, ஆளுநருக்கு அது வழங்கிய ஆணை அதிகாரமாகும். ஓர் அறக்கட்டளை முறைகேடாக நிர்வகிக்கப்பட்டாலோ, அதற்கு அறங்காவலர் இல்லாதிருந்தாலோ, வாரியத்திடம் விடுவது அதற்கு நன்மை என்று தோன்றினாலோ, ஆளுநர் தம் ஆலோசனைக் குழுவுடன் கலந்து ஆணை பிறப்பித்து, அதனை வாரியத்தின் பொறுப்பில் வைக்கலாம். ஒரு தாள், ஒரு கையொப்பம், அரசிதழில் ஓர் அறிவிப்பு, அவ்வளவே. மாரியம்மன், பெருமாள், சிவன் ஆலயங்கள் அவ்வாரியத்தின் பொறுப்பில் வந்தன. பினாங்கிலுள்ள இந்து அறப்பணி வாரியமும் இதே சட்டத்தின் வழி வந்ததேயாகும்.

இதனால் விளைந்த நன்மையையும் மறுத்தற்கில்லை. சொத்துகளுக்குப் பதிவேடு உண்டாயிற்று. வரவு செலவு முறைப்படுத்தப்பட்டது. ஆனால் அரசாங்க அதிகாரிகளின் தலைமையில் இயங்கிய வாரியம், சமயத்தின் மரபுகளை அறிந்திருத்தல் அரிது. முதல் உலகப்போர்க் காலத்தில் இந்து ஆலோசனை மன்றம் அமைக்கப்பட்டதன் காரணம் இதனால் விளங்கும்.

மக்களவையின் கைக்கு

1955இல் சிங்கப்பூர்ச் சட்டமன்றத்தின் 32 இடங்களுள் 25 இடங்களுக்குத் தேர்தல் நடந்தது. 1959இல் 51 உறுப்பினர்களும் மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டனர். 1965இல் நாடு தனிக் குடியரசாயிற்று. முஸ்லிம்களுக்கெனத் தனிச் சட்டம் 1966இல் நிறைவேறி, 1968இல் அவர்களுடைய சமய மன்றம் அமைந்தது. இரு சமயத்திற்கும் பொதுவான பழைய வாரியத்திற்கு இனி இடமில்லை. எனவே 1968இல் நாடாளுமன்றம் இந்து அறக்கட்டளைச் சட்டத்தை இயற்றியது; 1969இல் இந்து அறக்கட்டளை வாரியம் பணி தொடங்கியது.

புதிய சட்டத்திலும் பழைய மூன்று நிபந்தனைகள் தொடர்ந்தன; ஆளுநரின் இடத்தில் அமைச்சர் வந்தார். வாரிய உறுப்பினர்களை நியமிப்பவரும் அமைச்சரே. எனினும் ஒரு பெரும் வேறுபாடு உண்டு. ஆளுநர் இங்குள்ள மக்களுக்கு விடை கூறக் கடமைப்பட்டவரல்லர். அமைச்சரோ நாடாளுமன்றத்தில் எழுந்து நின்று விடை கூற வேண்டியவர்.

அதே 1968இல் ஆலோசனை மன்றத்தின் சொல்லுக்கு எத்துணைக் கனம் உண்டு என்பதும் தெரியவந்தது. நாட்டின் பொருளாதார நலன் கருதிப் பொது விடுமுறைகள் குறைக்கப்பட்டபோது, பிற சமயத்தாரும் தத்தம் விடுமுறைகளுள் சிலவற்றைத் துறந்தனர். இந்துக்கள் தைப்பூசம், தீபாவளி ஆகிய இரண்டனுள் ஒன்றையே கொள்ள வேண்டியதாயிற்று. இந்து ஆலோசனை மன்றத்தைக் கலந்தபின் தீபாவளி நிலைபெற்றது. தைப்பூசம் விடுமுறைப் பட்டியலினின்று நீங்கியது. இன்றும் சிராங்கூன் சாலைப் பெருமாள் ஆலயத்திலிருந்து டேங்க் சாலைத் தண்டாயுதபாணி ஆலயம் நோக்கிக் காவடி சுமந்து செல்லும் அடியார் பலர், அலுவலகத்தில் விடுப்பெடுத்தே வருகின்றனர். ஆலோசனை கூறும் இடத்தில் அமர்வோரின் சொல், தலைமுறைகளைக் கடந்து நிற்கும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

ஆணைக்கும் ஒரு கடிவாளம்

சிறுபான்மையினரைப் பாதுகாக்கும் வழிகளை ஆராயத் தலைமை நீதிபதி வீ சோங் ஜின் தலைமையில் 1966இல் ஓர் அரசியலமைப்பு ஆணையம் அமைந்தது. அதன் பயனாக 1970இல் தோன்றிய அதிபர் மன்றம், 1973 முதல் சிறுபான்மையினர் உரிமைகளுக்கான அதிபர் மன்றம் எனப் பெயர் பெற்றது.

இம்மன்றம் மசோதாக்களை மட்டுமன்றி, அமைச்சுகள் பிறப்பிக்கும் துணைச்சட்டங்களையும் ஆராய்கிறது. ஒவ்வொரு துணைச்சட்டமும் வெளியான 14 நாள்களுக்குள் மன்றத்திற்கு அனுப்பப்பட வேண்டும். அதில் ஓர் இனத்தையோ சமயத்தையோ பாதிக்கும் பாகுபாடு உண்டென மன்றம் கருதினால், அவ்வறிக்கை நாடாளுமன்றத்தின் முன் வைக்கப்படும். அதன்பின் 6 மாதங்களுக்குள் அமைச்சர் அப்பகுதியைத் திருத்தவோ விலக்கவோ வேண்டும்; அன்றேல் நாடாளுமன்றம் தீர்மானம் நிறைவேற்றி அதனை உறுதிப்படுத்த வேண்டும். இரண்டும் நிகழாவிடின் அவ்விதி ரத்தாகும். அதாவது, அதிகாரியின் எழுதுகோலால் பிறந்த விதியைப் பற்றி மக்கள் பிரதிநிதிகள் வாக்களித்தாக வேண்டிய ஓர் இடத்தை அரசியலமைப்பு வகுத்துள்ளது. 1905இல் இத்தகைய வாயில் எதுவும் இருந்ததில்லை.

நிர்வாகக் குழுக்களின் கடமை

இன்று மாரியம்மன், சீனிவாசப் பெருமாள், சிவன், வைராவிமட காளியம்மன் ஆகிய நான்கு ஆலயங்கள் வாரியத்தின் பொறுப்பில் உள்ளன. ஏனைய ஆலயங்கள் பலவும் தத்தம் நிர்வாகக் குழுக்களால் நடத்தப்பெறுகின்றன. அவையும் சட்டத்திற்குப் புறம்பானவையல்ல. அறநிறுவனச் சட்டத்தின்கீழ்ப் பதிவு பெற்ற ஆலயங்கள் அறநிறுவன ஆணையருக்குக் கணக்குக் காட்ட வேண்டும். 2019இல் திருத்தப்பெற்று 2022இல் நடப்புக்கு வந்த சமய நல்லிணக்கப் பராமரிப்புச் சட்டத்தின்படி, சமய அமைப்பின் தலைவர், செயலாளர், பொருளாளர் ஆகியோர் குடிமக்களாகவோ நிரந்தரவாசிகளாகவோ இருத்தல் வேண்டும். நிர்வாகக் குழுவினருள் பெரும்பாலோர் குடிமக்களாய் இருத்தல் வேண்டும்.

இவ்வரலாறு நமக்குணர்த்துவது தெளிவு. ஆணை பிறப்பதற்குச் சட்டம் கூறும் காரணங்களுள் முதன்மையானவை இரண்டு: முறைகேடு, பொறுப்பேற்பார் இன்மை. இவ்விரண்டிற்கும் இடங்கொடாமல் ஆண்டுதோறும் கணக்கைத் தணிக்கை செய்து, பொதுக்கூட்டத்தை உரிய காலத்தில் கூட்டி, இளையோரைப் பொறுப்புகளுக்குப் பழக்கும் ஆலயத்தின் சாவி அடியார்களின் கையிலேயே இருக்கும். நகையைப் பெட்டகத்தில் வைத்துப் பூட்டும் அதே கவனத்தோடு கூட்டக் குறிப்பேட்டையும் எழுதி வைப்போமாக. முன்னோர் அத்தாப்புக் கூரையின்கீழ் ஏற்றிய விளக்கு, அடுத்த தலைமுறையின் கையிலும் அணையாது ஒளிர இறையருள் துணைநிற்பதாகுக.