வக்ஃப் மசோதா: கூட்டுக்குழு விசாரணை முதல் காரைக்கால் மஹல்லா வரை

மசோதா ஒன்று நாடாளுமன்றக் குழுவின் விசாரணைக்குப் போயிருக்கிறது என்று செய்தி வந்தால், நம்மில் பலர் "அது டெல்லி விவகாரம்" என்று கடந்துவிடுகிறோம். சட்டமான பிறகுதான் பள்ளிவாசல் வாசலில் நின்று "இது எப்போது வந்தது?" என்று கேட்கிறோம். 2024இல் வந்த வக்ஃப் மசோதாக்கள் இந்தப் பழக்கத்தின் விலையை நமக்குக் காட்டின. அவை எப்படி வந்தன, குழுவில் என்ன நடந்தது, இன்று சட்டமாக நம் கையில் இருப்பது என்ன, காரைக்கால் ஜமாஅத்துகள் என்ன செய்ய வேண்டும் என்பதை இக்கட்டுரையில் பார்ப்போம்.

இரண்டு மசோதாக்கள்

2024 ஆகஸ்ட் 8 அன்று சிறுபான்மையினர் நலத்துறை அமைச்சர் கிரண் ரிஜிஜு மக்களவையில் இரண்டு மசோதாக்களைக் கொண்டுவந்தார். ஒன்று, 1995ஆம் ஆண்டின் வக்ஃப் சட்டத்தைத் திருத்தும் மசோதா. மற்றொன்று, ஆங்கிலேயர் காலத்து 1923ஆம் ஆண்டின் முசல்மான் வக்ஃப் சட்டத்தை நீக்கும் மசோதா. எதிர்க்கட்சிகளின் கடும் எதிர்ப்புக்குப் பிறகு திருத்த மசோதா நாடாளுமன்றக் கூட்டுக்குழுவுக்கு அனுப்பப்பட்டது.

இது ஏன் டெல்லியில் முடிவாகிறது என்று சிலர் கேட்பதுண்டு. அறக்கட்டளைகளும் சமய நிறுவனங்களும் அரசியல் சாசனத்தின் பொதுப் பட்டியலில் 28ஆவது இனமாக உள்ளன. மாநிலமும் சட்டம் இயற்றலாம், மத்திய அரசும் இயற்றலாம். இரண்டும் மோதினால், பொதுவாக நாடாளுமன்றச் சட்டமே நிற்கும். 2025 மார்ச் 27 அன்று தமிழ்நாடு சட்டமன்றம் இந்த மசோதாவைத் திரும்பப் பெறக் கோரித் தீர்மானம் நிறைவேற்றியது. அது அரசியல் குரலாகப் பதிவானது. ஆனால் மசோதாவை நிறுத்தும் அதிகாரம் தீர்மானத்துக்கு இல்லை.

குழுவில் நடந்தது

ஜெகதாம்பிகா பால் தலைமையிலான குழுவில் 31 பேர்; மக்களவையிலிருந்து 21, மாநிலங்களவையிலிருந்து 10. தமிழ்நாட்டிலிருந்து ஆ. ராசாவும் எம்.எம். அப்துல்லாவும் இருந்தனர். புதுச்சேரியிலிருந்து எவரும் இல்லை. மக்களவையில் ஒன்று, மாநிலங்களவையில் ஒன்று என்று இரண்டே இடங்கள் உள்ள ஒன்றியப் பகுதிக்கு இது புதிதல்ல. அதனால்தான் மனுக்களும் நேரடி விசாரணையும் நமக்குக் கூடுதல் முக்கியம்.

2024 ஆகஸ்ட் இறுதியில் நாளிதழ் விளம்பரம் வழியாகப் பொதுமக்களின் கருத்து கேட்கப்பட்டது. கொடுத்த அவகாசம் 15 நாட்கள். மனு ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருக்க வேண்டும். தமிழில் மட்டும் எழுதப் படிக்கத் தெரிந்த முத்தவல்லிக்கு இந்த இரு நிபந்தனைகளுமே சுவர்கள்தாம். செப்டம்பர் 26 அன்று மும்பையில் தொடங்கிய பயணத்தில் குழு அகமதாபாத், ஹைதராபாத் வழியாக செப்டம்பர் 30 அன்று சென்னைக்கு வந்தது, மறுநாள் பெங்களூரு. குழு சென்ற நகரங்களில் காரைக்காலுக்கு மிக அருகிலிருந்தது சென்னைதான். அதுவும் ஏறத்தாழ 300 கி.மீ.

குழுவுக்கு வந்த மனுக்கள் 97 லட்சத்துக்கும் மேல். இருந்தும் 2025 ஜனவரி 27 அன்று பிரிவு பிரிவாக வாக்கெடுப்பு நடந்தபோது ஆளும் கூட்டணியினர் கொடுத்த 14 திருத்தங்கள் ஏற்கப்பட்டன. எதிர்க்கட்சியினரின் திருத்தங்கள் தோற்றன. அதற்கு மூன்று நாட்களுக்கு முன் எதிர்க்கட்சி உறுப்பினர்கள் 10 பேர் ஒருநாள் இடைநீக்கம் செய்யப்பட்டிருந்தனர். ஜனவரி 29 அன்று 15க்கு 11 என்ற வாக்கில் அறிக்கை ஏற்கப்பட்டது.

அப்படியானால் விசாரணை வெறும் சடங்கா? முழுதும் அப்படிச் சொல்லிவிட முடியாது. பத்திரம் இல்லாமல், நெடுங்காலப் பயன்பாட்டாலேயே வக்ஃபாக அறியப்பட்ட சொத்துகளை மூல மசோதா அடியோடு விட்டுவிட்டது. குழுவுக்குப் பின் வந்த வடிவத்தில் ஒரு பாதுகாப்பு சேர்ந்தது. சட்டம் நடைமுறைக்கு வரும் முன்பே பதிவாகியிருந்த அத்தகைய சொத்துகள் வக்ஃபாகவே தொடரும்; தகராறில் இருப்பவையும் அரசு நிலம் என்று சொல்லப்படுபவையும் மட்டும் இதில் அடங்கா. பதிவு செய்து வைத்திருந்த ஜமாஅத்துக்கும் செய்யாமல் விட்ட ஜமாஅத்துக்கும் இடையிலான கோடு அந்த வரியில் விழுந்தது.

இன்றைய நிலை

மக்களவையில் 288க்கு 232, மாநிலங்களவையில் 128க்கு 95 என்ற வாக்குகளில் திருத்த மசோதா நிறைவேறியது. 2025 ஏப்ரல் 5 அன்று குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்தார். ஏப்ரல் 8 முதல் நடைமுறைக்கு வந்தது. குடும்பங்களும் நிர்வாகிகளும் அறிய வேண்டிய மாற்றங்கள் இவை:

• எழுத்துப் பத்திரம் இல்லாமல் இனி புதிய வக்ஃப் உருவாக்க முடியாது.

• ஒரு சொத்து வக்ஃபா என்று வாரியமே விசாரித்து முடிவு செய்ய வழிசெய்த 40ஆவது பிரிவு நீக்கப்பட்டது.

• குடும்ப வக்ஃபான வக்ஃப் அலல் அவ்லாதின் பெயரில் பெண்கள் உள்ளிட்ட வாரிசுகளின் உரிமையைப் பறிக்கக் கூடாது.

• தீர்ப்பாயத்தின் தீர்ப்பை எதிர்த்து 90 நாட்களுக்குள் உயர் நீதிமன்றம் செல்லலாம்.

• வக்ஃபுகள் வாரியத்துக்குச் செலுத்தும் பங்கு 7 சதவீதத்திலிருந்து அதிகபட்சம் 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது.

உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பர் 15 அன்று இடைக்கால உத்தரவு பிறப்பித்தது. தலைமை நீதிபதி பி.ஆர். கவாய், நீதிபதி ஏ.ஜி. மசீஹ் அமர்வு சட்டம் முழுவதற்கும் தடை விதிக்கவில்லை. வக்ஃப் செய்பவர் ஐந்தாண்டுகள் இஸ்லாத்தைப் பின்பற்றியவராக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை, அதை உறுதிசெய்யும் விதிகள் வரும்வரை நிறுத்திவைக்கப்பட்டது. அரசு நிலமா என்று அதிகாரி விசாரிக்கத் தொடங்கியவுடனேயே சொத்து வக்ஃப் தன்மையை இழக்கும் என்ற விதியும் நிறுத்தப்பட்டது. உரிமை பற்றித் தீர்ப்பாயம் முடிவு சொல்லும்வரை வக்ஃபை வெளியேற்றவோ, மூன்றாம் நபருக்கு உரிமை உண்டாக்கவோ கூடாது. முஸ்லிமல்லாத உறுப்பினர்கள் மத்திய கவுன்சிலில் 22 பேரில் நான்கு பேரையும், மாநில வாரியங்களில் 11 பேரில் மூன்று பேரையும் தாண்டக் கூடாது என்றும் நீதிமன்றம் சொன்னது.

ஆனால் பதிவு செய்யும் கடமைக்குத் தடை இல்லை. 1923 முதலே இக்கடமை இருந்து வருகிறது என்பதை நீதிமன்றம் சுட்டிக்காட்டியது. உமீத் இணையதளம் 2025 ஜூன் 6 அன்று தொடங்கப்பட்டு, ஏற்கெனவே பதிவான வக்ஃபுகளின் விவரங்களை ஏற்ற ஆறு மாத அவகாசம் தரப்பட்டது. அதைப் பொதுவாக நீட்டிக்க டிசம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் மறுத்து, அவரவர் தீர்ப்பாயத்தை அணுகச் சொன்னது. அவகாசம் முடிந்தபோது நாடு முழுவதும் ஏறத்தாழ 5.17 லட்சம் சொத்துகளுக்குப் பதிவு தொடங்கப்பட்டிருந்தது. ஒப்புதல் பெற்றவை சுமார் 2.17 லட்சம்தான்.

காரைக்காலின் தனிச் சிக்கல்

1739 முதல் பிரெஞ்சு ஆட்சியில் இருந்த காரைக்கால், 1954 நவம்பர் 1 அன்று நடைமுறையிலும் 1962 ஆகஸ்ட் 16 அன்று சட்டப்படியும் இந்தியாவுடன் இணைந்தது. ஆகவே "1923 முதல் பதிவுக் கடமை" என்ற வாதம் நம் ஊருக்கு அப்படியே பொருந்தாது. பக்கத்து நாகூரில் ஆங்கிலேயர் சட்டம் இருந்த காலத்தில் இங்கே பிரெஞ்சுச் சட்டம். அந்நாளைய சொத்துப் பத்திரங்கள் பிரெஞ்சு மொழியில் எழுதப்பட்டன. பள்ளிவாசலுக்கோ தர்காவுக்கோ மையவாடிக்கோ ஒரு பாட்டனார் எழுதிவைத்த நிலத்தின் பத்திரம், இன்று யாருக்கும் படிக்கத் தெரியாத மொழியில் ஏதோ ஒரு வீட்டு இரும்புப் பெட்டியில் இருக்கலாம். வாரிசுகள் பிரான்சிலோ சிங்கப்பூரிலோ இருக்கலாம்.

இதில் குடும்பங்களுக்கே முதல் வேலை. வீட்டுப் பழைய காகிதங்களில் வக்ஃப் தொடர்பானது இருந்தால் பிரதி எடுத்து மஹல்லா நிர்வாகத்திடம் கொடுங்கள். வெளிநாட்டில் இருக்கும் உறவினரிடமும் கேளுங்கள். நிர்வாகிகள் பிரெஞ்சுப் பத்திரங்களை முறையாக மொழிபெயர்த்துச் சான்று பெறட்டும். புதுச்சேரி அரசின் நிலமகள் இணையதளத்தில் ஒவ்வொரு மனையின் புல எண்ணையும் பட்டாவில் உள்ள பெயரையும் சரிபார்க்கட்டும். "சர்க்கார்" என்று பதிவாகியிருந்தால் அதுவே நாளைய தகராறு. வரி ரசீது, மின் கட்டண ரசீது, வாடகைக் கணக்கு, அடக்கப் பதிவேடு எல்லாம் பயன்பாட்டுக்கான சான்றுகளே. பிறகு புதுச்சேரி வக்ஃப் வாரியத்தில் பதிவு எண் இருக்கிறதா, உமீதில் ஒப்புதல் ஆகிவிட்டதா என்று எழுத்தில் கேட்டு, பதிலையும் கோப்பில் வையுங்கள். ஏற்றப்படாமல் இருந்தால் தீர்ப்பாயத்தில் மனு செய்வது பற்றி வழக்கறிஞரிடம் தாமதிக்காமல் பேசுங்கள்.

அடுத்த மசோதா வரும்போது

குழு விசாரணை என்ற வாசல் இனியும் திறக்கும். குறுகிய காலமே திறந்திருக்கும். அதற்கு முன்கூட்டியே ஆயத்தமாக இருப்பதே வழி. வட்டாரத்தில் சட்டம் படித்த இரண்டு பிள்ளைகளை இதற்கென்று பொறுப்பாக்குங்கள். மனு சுருக்கமாக, பிரிவு எண் குறிப்பிட்டு, "இந்த வரி இப்படி மாற வேண்டும், காரணம் இது, எங்கள் ஊரில் பாதிப்பு இது" என்று இருக்கட்டும். நேரில் பேச விரும்பினால் அதையும் மனுவிலேயே கேளுங்கள். ஒரே வாசகத்தை ஆயிரம் பேர் அனுப்பினால் எண்ணிக்கை கூடும். பிரெஞ்சுப் பத்திரம் பற்றிய ஒரு காரைக்கால் மனு சொல்லும் செய்தியை அந்த ஆயிரமும் சொல்லாது.

முன்னோர் அல்லாஹ்வுக்காக விட்டுச் சென்ற நிலம் நம்மிடம் அமானிதம். அதன் காகிதத்தைக் காப்பதும் அந்த அமானிதத்தில் சேர்ந்ததே. வரும் ஜும்ஆவுக்குப் பின் உங்கள் மஹல்லா நிர்வாகியிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "நம் பள்ளியின் பதிவு எண் என்ன?" பதில் உடனே வந்தால் அல்ஹம்துலில்லாஹ். வராவிட்டால், இன்ஷா அல்லாஹ், அன்றே வேலையைத் தொடங்கலாம்.